படத்துக்காகக் கட்டிய தாலி

தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் முகத்தை முழுதாகப் பார்ப்பது படம் எடுப்பவர் ஒருவர்தான். மாப்பிள்ளைக்குத் தெரிவது அவள் பின்கழுத்து. பெற்றவர்களுக்குக் கண்ணீர் மறைத்துவிடும். சபையில் இருப்பவர்களுக்கு முன்வரிசைக்காரரின் கைத்தொலைபேசி மறைத்துவிடும். மணவறைக்கு முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, கெட்டி மேளம் தொடங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எத்தனையோ பெண்களை அப்படிப் பார்த்திருக்கிறேன். சிலர் அழுவார்கள். சிலர் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார்கள். ஒருத்தி வாய் நிறையக் கொட்டாவி விட்டாள். கோழி கூவுமுன் எழுப்பி மேக்கப்புக்கு உட்கார வைத்தால் கொட்டாவி வராமல் என்ன வரும்?

மலாக்கா பக்கம், அலோர் காஜாவில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. எங்களுக்கு என்று சொல்லிப் பழகிவிட்டது. இப்போது எனக்கு மட்டும்தான். நானும் என் கணவரும் சேர்ந்து நடத்தினோம். அவர் வீடியோ, நான் படம். தமிழ்க் கல்யாணத்துக்கு ஒரு பெண் கேமரா தூக்கிக்கொண்டு வருவது அப்போது இந்தப் பக்கத்தில் புதுசு. பெண்வீட்டாருக்கு அது வசதியாக இருந்தது. சேலை கட்டும் அறைக்குள் நான் தாராளமாகப் போகலாம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள்தான் "ஆம்பள யாரும் வரலையா?" என்று கேட்பார்கள். என் கணவர் வீடியோ கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நான் இருக்கேன்லா, மேடத்துக்கு அசிஸ்டண்ட்" என்பார். அவருக்கு அதைச் சொல்வதில் ஒரு பெருமை இருந்தது.

சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸுக்கு அலைந்து அலைந்து, அவர் போய்ச் சேர்ந்தார். அந்த அலைச்சல் காலம் முழுதும் எங்களுக்குச் சோறு போட்டது என் அக்கா. பக்கத்து ஊர் ரெம்பியாவில் இருக்கிறாள். உப்பில்லாத குழம்பும் காரமில்லாத பொரியலுமாகத் தனியாகச் சமைத்து, அடுக்குச் சட்டியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகும்போது என் வீட்டையும் கூட்டித் துடைத்துவிட்டுப் போவாள். மனதில் பாரம் இருந்தால் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது துடைக்க வேண்டும்.

ஆனால் கருமாதியன்று என் தாலியைக் கழற்றிக் குங்குமத்தை அழித்தபோது அக்கா பக்கத்தில் இல்லை. சுமங்கலி அதைப் பார்க்கக் கூடாதாம். தூரத்து உறவில் கணவனை இழந்த ஓர் அம்மா வந்து, ஈரத்துணியால் என் நெற்றியைத் துடைத்தார். வகிட்டில் படிந்திருந்தது போகவில்லை. இரண்டாம் முறை அழுத்தித் தேய்த்தார். எரிந்தது. கதவுக்கு வெளியே அக்கா அழும் சத்தம் கேட்டது. உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொள்ளேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. நானும் அதே சாமியைக் கும்பிட்டு வளர்ந்தவள்தானே.

அதற்குப் பிறகும் என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். முகூர்த்தத்துக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை. காரணம் சொல்ல மாட்டார்கள். நம்மவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். "முகூர்த்தத்துக்கு மாப்பிள்ள வீட்டுல ஆள் இருக்காம் அக்கா. நீங்க ரிசப்ஷனுக்கு வந்துருங்க" என்பார்கள். மலாக்காவில் இருக்கும் அத்தனை மாப்பிள்ளை வீட்டிலும் எப்படி ஒரே சமயத்தில் போட்டோகிராபர்கள் முளைத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒரே ஓர் அம்மா மட்டும் நேராகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காத தங்கச்சி. எம்பொண்ணு விசயம், எனக்கு பயமா இருக்கு." அவரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

சீனர் கல்யாணங்களில் என் புருஷன் இருக்கிறாரா என்று யாரும் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள். நம் தமிழ்க் கிறிஸ்துவர்களின் கோயிலில் பீடத்துக்குப் பக்கத்திலேயே நிற்க விட்டார்கள். "பிளாஷ் மட்டும் போடாதீங்க சிஸ்டர்" என்பதோடு பாதிரியாரின் நிபந்தனை முடிந்தது. அங்கேயும் தாலிதான் கட்டுகிறார்கள். நான் பார்க்கப் பார்க்கக் கட்டிய அந்தத் தாலிகளுக்கு ஒரு கேடும் வந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாஸ்போர்ட் படம் எடுக்க என் கடைக்குத்தான் வருகிறார்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய ஜோடிப் படங்களுக்கும் தடை கிடையாது. தாலி ஏறாத கழுத்தின்மேல் என் கண் படலாம் போலிருக்கிறது. கோலா சுங்கை பாரு கடற்கரையில் முந்தானையைக் காற்றில் பறக்கவிட்டு எடுப்பேன். இப்போது புதிதாக ரப்பர் மரங்களின்மேல் மோகம் வந்திருக்கிறது. தாத்தாவும் அப்பாவும் கொசுக்கடியில் நின்று பால் வெட்டிய காட்டில், பேரப்பிள்ளைகள் கோலாலம்பூரிலிருந்து காரில் வந்து, எங்கிருந்தோ தேடிப் பிடித்த பால்வாளியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். "நேச்சுரலா இருக்கணும் அக்கா" என்கிறார்கள். நாலு கொசு கடித்ததும் நேச்சுரல் போதும் என்று காருக்குள் ஏறிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் விழுங்கிக்கொண்டேன். விழுங்க முடியாத ஒன்று இருந்தது.

அக்காவுக்கு ஒரே மகள். எனக்குப் பிள்ளை இல்லை. அவள் பிறந்த மறுநாளிலிருந்து அவளைப் படம் எடுத்தவள் நான். முடி இறக்கியது, காது குத்தியது, தமிழ்ப்பள்ளியில் சேர்ந்த அன்று தன்னைவிடப் பெரிய புத்தகப்பையோடு நின்றது, வயதுக்கு வந்து மாலையும் கழுத்துமாக உர்ரென்று உட்கார்ந்திருந்தது, எல்லாம் என் கையால் எடுத்தவை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கேட்பாள், "சின்னம்மா, என் கல்யாணத்துக்கும் நீங்கதானே?" என்று. "நான் இல்லாம ஒனக்கு ஏதுடி கல்யாணம்?" என்பேன். அவள் கழுத்தில் தாலி ஏறும் அந்த ஒரு படத்தை நான் எடுக்க வேண்டும். இந்தத் தொழிலிடம் நான் பெரிதாக வேறு எதுவும் கேட்டதில்லை.

அக்கா கல்யாணக் கார்டோடு கடைக்கு வந்தாள். வெற்றிலை பாக்கோடு கார்டை மேசையில் வைத்துவிட்டு, மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"நலங்கு, மருதாணி, ரிசப்ஷன், எல்லாம் நீதான் எடுக்கணும்" என்றாள்.

"முகூர்த்தம்?"

துடைப்பம் நிற்கவில்லை. "சம்பந்தியம்மா கொஞ்சம் பழைய ஆளு. அவங்களே ஒருத்தர பேசிட்டாங்க. சிரம்பான்லேருந்து வர்றாராம்."

"நான் எடுக்கக் கூடாதுன்னு அவங்க சொன்னாங்களா?"

"அப்படி நேரா சொல்லுவாங்களா? நாமதான் புரிஞ்சிக்கணும். பொண்ணு போய் வாழப்போற எடம்லா. பொண்ண பெத்தவ நான் என்னத்த பேசறது, சொல்லு?"

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா." குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டு, கைகழுவிவிட்டு, என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். ஈரக்கை.

என் கோபமெல்லாம் சம்பந்தியம்மாமேல் திரும்பியது. நிச்சயத்தன்று படம் எடுக்கப் போனபோது ஒருமுறைதான் அவரைப் பார்த்திருந்தேன். உம்பாய்க் கடற்கரையில் சுட்ட மீன் நன்றாக இருக்குமாமே, எந்தக் கடை நல்லது என்று என்னிடம் ஆசையாகக் கேட்டார். மீனைப் பற்றிப் பேசும்போதே என் நெற்றியைக் கவனித்திருக்கிறார் பார் என்று நினைத்து, அவரை வாயில் வந்தபடி மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கல்யாண நாள்வரை அந்த அம்மாளுக்கு விக்கல் நின்றிருக்காது.

முகூர்த்தம் கோயில் மண்டபத்தில். அக்கா என்னை மூன்றாவது வரிசையில், தூண் ஓரமாக உட்கார வைத்தாள். "இங்கதான் காத்தாடி காத்து நல்லா வரும்" என்றாள். மாலை ரிசப்ஷனுக்கு எடுத்துவந்த கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். வேறு எங்கே வைப்பது?

தாலித் தட்டை ஆசி வாங்கச் சபைக்குள் கொண்டுவந்தார்கள். தட்டில் தேங்காய், அதன்மேல் தாலி. ஒவ்வொருவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். தட்டைத் தூக்கி வந்தவர் அக்காவின் நாத்தனார். எங்கள் வரிசைக்கு வந்தார், என் முகத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், என்னைத் தாண்டி அடுத்த நாற்காலியிடம் தட்டை நீட்டினார். என் கை பாதி தூரம் போயிருந்தது. அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மூக்கைச் சொறிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர் பார்க்காததுபோல் இருந்தார். அவர் பார்த்திருந்தார்.

சிரம்பான்காரர் தட்டின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். மஞ்சள் கயிறு, பெரியவர்களின் சுருங்கிய விரல்கள், எல்லாம் படத்தில் அழகாகத்தான் இருக்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவரும் தட்டோடு கடைசி வரிசைவரை போய்விட்டார். ஐயருக்கு அடுத்து வேறு எங்கோ ஒரு கிரகப்பிரவேசம். நாத்தனாரை அவசரப்படுத்திப் பக்கவழியாகத் தட்டை மணவறைக்கு வரவழைத்து, தாலியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டார். கெட்டி மேளம் முழங்கியது. சபை எழுந்தது. பந்திக்கு முந்துகிறவர்கள்போல ஒரு கையில் அட்சதையும் ஒரு கையில் கைத்தொலைபேசியுமாக எல்லாரும் மணவறையை மூடிக்கொண்டார்கள். சிரம்பான்காரர், "எக்ஸ்கியூஸ் மீ, கொஞ்சம் வழி" என்று முதுகுகளிடம் கெஞ்சிக்கொண்டு வந்தார். அவர் வந்து சேரும்போது மூன்று முடிச்சும் விழுந்து, மாப்பிள்ளை அவள் வகிட்டில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். முக்காலியில் தானாக ஓடிக்கொண்டிருந்த வீடியோ கேமராவில் முதுகுகள் பதிவாகியிருந்தன.

நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது, எனக்கு முன்னால் எழுந்து நின்ற யாரோ ஒருவரின் சட்டையில் இருந்த வியர்வைக் கறையை.

படம் கிடைக்கவில்லை என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். நல்லா வேணும் என்று நினைத்தேன். அதே மூச்சில், ஐயோ, அவளுக்கு அந்தப் படம் இல்லாமல் போய்விட்டதே என்றும் தோன்றியது.

சாப்பாட்டு நேரத்தில் விஷயம் பரவியது. சொந்தக்காரர்களின் தொலைபேசிகளையெல்லாம் வாங்கித் தேடினார்கள். ஒன்றில் மின்விசிறி, ஒன்றில் யாருடைய மோதிரக் கையோ, ஒன்றில் மணப்பெண்ணின் பாதிக் காது. சிரம்பான்காரர் வியர்த்துப் போய் நின்றார். யாரோ ஒருவர், "அதுக்கென்ன, மறுபடி கட்டுற மாதிரி உக்கார வச்சி எடுத்துட்டா போச்சு. எல்லாரும் பண்றதுதானே" என்று வழி சொன்னார்.

அப்போதுதான் சம்பந்தியம்மா வாயைத் திறந்தார். "இந்தத் தம்பி ஏற்கெனவே பதறிப் போயிருக்கு. பொண்ணோட சின்னம்மாவே எடுக்கட்டுமே. நிச்சயத்துல எவ்ளோ அழகா எடுத்தாங்க. காலையிலேயே கேக்கணும்னு நெனச்சேன், ஏன் அவங்க எடுக்கல?"

அக்காவின் முகம் வெளுத்தது. "இல்ல சம்பந்தி, நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான்..."

"நான் ஏன் சங்கடப்படணும்? நான் ஏதாச்சும் சொன்னனா? போட்டோ ஆள நாங்களே பாத்துக்கிறோம்னு நீங்கதானே சொன்னீங்க?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. சாப்பாட்டு மேசையின் விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். பல நாளாக நான் மனதுக்குள் திட்டிய அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது. அக்காவைப் பிடித்து உலுக்கலாம்போலவும் இருந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எனக்கு இந்த அக்காவைவிட்டால் தாயும் கிடையாது.

கடைசியில் அக்காவே வந்து என் முழங்கையைத் தொட்டாள். "வா, எடு. இப்ப ஒண்ணும் இல்ல. தாலிதான் ஏறியாச்சே."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அக்கா மகள் மணவறையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையைத் திறந்தேன்.

ஐயர் போய்விட்டிருந்தார். மேளக்காரர்கள் ரசத்தில் கைவைத்திருந்தார்கள். யாரோ தொலைபேசியிலேயே கெட்டி மேளத்தை ஓடவிட்டார்கள். தரையில் சிதறியிருந்த அட்சதையைக் கூட்டி அள்ளி ஆளுக்கொரு பிடி கொடுத்தார்கள். போட்ட முடிச்சை அவிழ்க்கக் கூடாது. மாப்பிள்ளை கயிற்றின் இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு கட்டுவதுபோல் குனிந்தார். நான் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தேன். என்னுடைய இடம் அது.

அவள் உதடு அசையாமல் சொன்னாள்: "நீங்களே வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க, சின்னம்மா. காலையிலேருந்து ஒங்க மேல கோவமா இருந்தேன்."

என்னிடம் ஒரு பொய், அவளிடம் ஒரு பொய். நடுவில் நான் சம்பந்தியம்மாமேலும் அவள் என்மேலும் கோபமாக அந்தக் காலையைக் கழித்திருக்கிறோம்.

"நான் சொல்லலடி" என்றேன். "தலையக் கொஞ்சம் தூக்கு. மூக்குத்தி மின்னுது."

அவள் கண் நிறைந்தது. அந்த நொடியில் எடுத்தேன். அட்சதை பறந்தது. அக்கா எறிந்ததில் பாதி என் தலையில் விழுந்தது. கழுத்துக்குள் இறங்கிய அரிசி வீட்டுக்குப் போகும்வரை உறுத்திக்கொண்டிருந்தது.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பார்க்கிற யாரும் அவள் தாலி ஏறும் பூரிப்பில் அழுவதாகத்தான் நினைப்பார்கள்.

அக்கா கெட்டவள் இல்லை. பயந்தவள். டயாலிசிஸ் நாற்காலியில் என் கணவரைப் பார்த்ததிலிருந்து தன் மகளை எண்ணிப் பயந்திருப்பாள். பயந்தவர்களிடம் கோபப்படுவது கஷ்டம். நான் கஷ்டப்பட்டாவது கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று அக்கா கேட்டாள். முதலில் பார்த்துச் சொல் என்று அவள் தொலைபேசிக்கு அனுப்பினேன். கூப்பிட்டாள். பின்னால் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"சாமி படம் மாதிரி வந்துருக்குடி. ஒரு எடம்தான் இடிக்குது. வகிட்டுல குங்குமம் தெரியுது பாரு. தாலி கட்டறதுக்கு முன்னயே எப்படி குங்குமம் வந்துச்சுன்னு கேப்பாங்க. கம்ப்யூட்டர்ல அத அழிச்சிரு. ஒனக்கு ஒரு நிமிச வேலைதானே."

ஒரு நிமிடம்கூட ஆகாது. முகப்பரு, தழும்பு, பின்னால் நிற்கும் குப்பைத்தொட்டி, தினமும் எத்தனையோ அழிக்கிறேன். படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். திரை முழுதும் அவள் வகிடு. செக்கச் செவேலென்று குங்குமம், அதில் ஒட்டிக்கொண்டு ஓர் அட்சதை. என் நெற்றி எரிந்தது. நிஜமாகவே எரிந்தது, கையால் தொட்டுப் பார்த்தேன்.

"என் கையால அழிக்கச் சொல்றியாக்கா?"

"பின்ன வேற யாரு கையால? நீதானே எடு..."

பாத்திரச் சத்தம் நின்றது. குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். குரல் இறங்கி, "அது வெறும் படம்தானடி" என்றாள்.

"வெறும் படம்னா, அன்னிக்கு ஏன்க்கா என்னைத் தூண் ஓரமா உக்கார வச்ச?"

பதிலுக்குக் காத்திராமல் தொலைபேசியை வைத்தேன்.

குங்குமத்தை அழிக்காமலே அச்சிட்டு, சட்டம் போட்டுக் கொடுத்தனுப்பினேன். அக்கா அதை மாட்டிவிட்டாள். ரெம்பியா வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் அதுதான் கண்ணில் படும். விவரம் தெரிந்த யாராவது, "என்னம்மா, தாலிக்கு முன்னாலயே குங்குமமா?" என்று கேட்டால் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறாளாம். நான் தீபாவளிக்குப் போனபோது எனக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார முடியாமல், துணியை எடுத்துக்கொண்டு படத்தின் கண்ணாடியைத் துடைக்கப் போனாள். மாப்பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள், மாலையைத் துடைத்தாள், மகளின் கன்னத்தைத் துடைத்தாள். வகிடு இருக்கும் இடத்துக்கு வந்ததும் கை நின்றது. அந்த இடத்தைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றியே துடைத்துக்கொண்டிருந்தாள்.